இரவில் பூனை எங்கே படுக்கட்டும்? ஐந்து இடங்கள், ஓர் ஒப்பீடு

"பூனையை ராத்திரி எங்கே விடுவது?" என்ற கேள்வி பெரும்பாலும் மூன்று விதமாக வருகிறது. அடுக்ககத்தில் இருப்பவர்கள், கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு விடியற்காலை 4 மணிக்கு முகத்தைத் தட்டி எழுப்புகிறது, கதவைச் சாத்தினால் பிறாண்டுகிறது என்கிறார்கள். தனி வீட்டுக்காரர்களுக்கு வேறு கவலை: பகலெல்லாம் வீட்டிலேயே கிடந்துவிட்டு, இரவு 8 மணி ஆனதும் வாசல் கதவருகே நின்று கத்துகிறது, திறந்து விடலாமா? மூன்றாவது ரகத்தினர் வீட்டில் பிரசவத்தை எதிர்பார்த்திருப்பவர்கள், அல்லது யாருக்காவது வீசிங் இருப்பவர்கள். இனி பூனை உள்ளே படுக்கலாமா என்பது அவர்கள் கேள்வி.

பூனையை இரவுப் பிராணி என்று சொல்லிப் பழகிவிட்டோம். சரியாகச் சொன்னால் அது அந்திக்கும் விடியலுக்குமான பிராணி. ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும். வேட்டைச் சுறுசுறுப்பு உச்சத்துக்கு வருவது பொழுது சாயும் நேரத்திலும், பொழுது விடிவதற்குச் சற்று முன்பும்தான். நள்ளிரவில் அது நன்றாகவே தூங்கும். ஆக நீங்கள் தேடுவது ஏழெட்டு மணி நேரத்துக்கான இடம் என்றாலும், தொல்லை முழுக்க அந்தக் கடைசி ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது. பால் பாக்கெட் எடுக்கவும் வாசல் தெளிக்கவும் நாம் கதவைத் திறப்பதும் அதே நேரம்தான். கால் இடுக்கில் பூனை நழுவி ஓடுவதற்கு அதைவிடத் தோதான வேளை கிடையாது.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது உயிராபத்து: நாய், வண்டி, பாம்பு, விஷம், மாடியிலிருந்து விழுதல். அடுத்தது உங்கள் தூக்கம். இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குகிறவர்கள்தான் மூன்றாவது மாதம் பொறுக்க முடியாமல் பூனையை மொட்டை மாடிக்கு அனுப்புகிறார்கள்.

மூன்றாவது அளவுகோலைப் பலரும் யோசிப்பதே இல்லை. காலையில் அதன் சிறுநீரும் மலமும் உங்கள் கண்ணில் படுமா? கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போகும். லிட்டர் பெட்டியில் (பூனை கழிக்கும் பெட்டி; அதில் நிரப்பும் மண்தான் லிட்டர்) சிறுநீர் பட்டு உருண்ட கட்டி வழக்கமாக மூன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, அல்லது புளியங்கொட்டை அளவில் ஏழெட்டு இருக்கின்றன என்றால் அன்றே மருத்துவரிடம் ஓடலாம். இரவில் வெளியே போகும் பூனையிடம் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

நான்காவது, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பது. கைக்குழந்தை, கர்ப்பிணி, ஆஸ்துமாக்காரர், இன்னொரு பூனை. ஐந்தாவதுதான் பிற எல்லாவற்றையும் கவிழ்க்கக் கூடியது: நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டை 365 நாளும் செய்ய முடியுமா? வாரத்தில் ஐந்து நாள் கதவைச் சாத்தி இரண்டு நாள் திறந்துவிட்டால், பூனை கற்றுக்கொள்வது "கத்திக்கொண்டே இருந்தால் என்றாவது திறக்கும்" என்பதைத்தான்.

| இடம் | உயிராபத்து | உங்கள் தூக்கம் | மறைந்திருக்கும் செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| படுக்கையறை | மிகக் குறைவு | பூனையைப் பொறுத்தது. விடியலில் கெடும் | ஏ.சி. போட்டால் உள்ளேயே இரண்டாவது லிட்டர் பெட்டி | ஒவ்வாமை இல்லாதவர், ஒற்றை வளர்ந்த பூனை |
| ஹால், படுக்கையறைக் கதவு சாத்தியபடி | குறைவு, சமையலறையை அடைத்தால் | முதல் மூன்று வாரம் மோசம், பிறகு நன்று | சோபா, கதவு அடியில் பிறாண்டல் | பெரும்பாலான வீடுகள் |
| தனி அறை அல்லது கூண்டு | மிகக் குறைவு, அறையைச் சுத்தம் செய்திருந்தால் | நன்று | ஓர் அறை போய்விடும். தனிமை | குட்டி, புதுப் பூனை, நோயாளிப் பூனை |
| வலை அடித்த பால்கனி | வலையின் தரத்தைப் பொறுத்தது | நன்று | வலை, மழை, வெயில், பக்கத்து வீட்டு முணுமுணுப்பு | ஹாலோடு சேர்த்துத் திறந்து வைப்பவர் |
| வெளியே | மிக அதிகம் | அமைதி, கதவு தட்டும்வரை | மருத்துவச் செலவு, காணாமல் போதல் | மனிதரோடு ஒட்டாத தோட்டப் பூனை மட்டும் |

## 1. படுக்கையறை: உங்களோடு

பூனைக்குப் பிடித்த இடம் இதுதான் என்பதில் சந்தேகமில்லை. சூடான உடல், உயரமான கட்டில், தெரிந்த வாசனை. உங்களுக்கும் ஒரு லாபம் உண்டு. அதன் மூச்சு, இருமல், வாந்தி எல்லாம் காதில் விழும்.

இதன் முதல் சிக்கலே ஏ.சி.தான். கதவைச் சாத்தினால் பூனை 2 மணிக்கு லிட்டருக்குப் போகக் கதவைப் பிறாண்டும். திறந்து வைத்தால் குளிர் ஹாலுக்குப் போய்விடும். தீர்வு, அட்டாச்டு பாத்ரூமில் இரண்டாவது பெட்டி வைத்து, பாத்ரூம் கதவைச் சாத்திக்கொள்ளாதபடி ஒரு ஸ்டாப்பர் கொடுப்பது. ஈரத் தரையில் பெட்டியை நேராக வைத்தால் பெண்டோனைட் என்ற களிமண் லிட்டர் சேறாகிவிடும். ஒரு மணை அல்லது பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் வையுங்கள். கமோட் மூடியை மூடியே வையுங்கள். தரையைப் பினாயில் ஊற்றிக் கழுவாதீர்கள். பினாயில் காலில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும். பினால் வகை வேதிப்பொருளைப் பூனையின் கல்லீரலால் எளிதில் கழிக்க முடியாது. சோப்புத் தண்ணீர் போதும்.

அடுத்தது 4 மணி எழுப்பல். பூனையின் உடலில் ஓர் ஒழுங்கு இருக்கிறது: வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம். இந்த வரிசையைப் படுக்கப் போகும் நேரத்துக்கு நகர்த்துவதுதான் வேலை. இரவு 9.30 மணிக்கு ஒரு குச்சியில் கட்டிய இறகையோ துணியையோ தரையோடு இழுத்து 10 முதல் 15 நிமிடம் ஓட வையுங்கள். முடிவில் ஒருமுறை பிடிக்க விடுங்கள். லேசர் ஒளியை மட்டும் துரத்த விட்டால் பிடித்த திருப்தி வராமல் பதற்றம்தான் மிஞ்சும். 10 மணிக்கு அன்றைய பெரிய சாப்பாடு. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகத் தட்டில் போடாதீர்கள். அலாரம் அடித்து, பல் துலக்கி, காபி போட்ட பிறகு போடுங்கள். "மனிதர் எழுந்தால் சாப்பாடு" என்ற முடிச்சு அவிழ்ந்தால்தான் எழுப்புவது நிற்கும். 5 மணிக்குத் தானாகத் திறக்கும் டைமர் தட்டு ஒன்று இந்த வேலையைப் பாதியாகக் குறைக்கும். அப்புறம் பூனை கெஞ்சுவது தட்டிடம், உங்களிடம் இல்லை.

எழுப்பும்போது திட்டுவதும் பூனைக்குக் கவனிப்புதான். அசையாமல் படுத்திருங்கள். ஏழெட்டு நாள் தொல்லை கூடும், அப்புறம் குறையும். கூடுகிற அந்த வாரத்தில் ஒருநாள் எழுந்து சாப்பாடு போட்டுவிட்டால், அடுத்த முறை இன்னும் சத்தமாகத் தொடங்க வேண்டும் என்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்களே.

படுக்கையறையில் இருக்கும் ஆபத்துகள் சின்னவை, ஆனால் அவற்றை எதிர்பார்க்க மாட்டோம். இரவு தலையிலிருந்து எடுத்து மேசையில் வைக்கும் மல்லிகைச் சரம் அதில் ஒன்று. மல்லிகை விஷமில்லை, கட்டிய நூல்தான் எமன். பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கிச் சாய்ந்தவை, வாயில் போன நூலைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். அது குடலைச் சுருக்குப்பை போல இழுத்துவிட்டால் அறுவை சிகிச்சைதான். ஊசி நூல், ரப்பர் பேண்டு, முடிக் கயிறு எல்லாம் இதே கணக்கு. பீரோவில் போடும் அந்துருண்டையும் பூனைக்கு விஷம். கொசுவர்த்தியைத் தரையில் வைக்காதீர்கள். ஜன்னலெல்லாம் மூடிய சிறிய அறையில் இரவு முழுக்கக் கொசு லிக்விடையும் ஓட விடாதீர்கள். கொசு வலை எல்லோருக்கும் நல்லது.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியைக் கட்டிலில் போட வேண்டாம். புரண்டு படுக்கும்போது நசுங்கும். இல்லாவிட்டால் கட்டிலை நனைக்கும்.

## 2. ஹால்: படுக்கையறைக் கதவைச் சாத்தி

சென்னையிலும் கோவையிலும் இரண்டு படுக்கையறை வீடுகளில் நடைமுறைக்கு ஒத்துவருவது இதுதான். பூனைக்கு நடமாட இடம் கிடைக்கிறது, உங்களுக்குத் தூக்கம் கிடைக்கிறது, லிட்டர் பெட்டி ஒரே இடத்தில் இருக்கிறது.

கட்டாயம் இருக்க வேண்டியவை: பூனையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளமுள்ள லிட்டர் பெட்டி, 5 முதல் 7 செ.மீ. ஆழத்துக்கு லிட்டர். ஒரு பூனைக்கு மாதம் 5 முதல் 10 கிலோ செலவாகும். பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் வருவது பெட்டிகளின் எண்ணிக்கை. ஆற்று மணல் போட்டும் சமாளிக்கலாம், ஆனால் அது கட்டி சேராது, தினமும் முழுசாகக் கொட்ட வேண்டும், மணல் வீடெல்லாம் பரவும். தண்ணீர்க் கிண்ணம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளியும், இரண்டுமே லிட்டரிலிருந்து தள்ளியும் இருக்கட்டும். கயிறு சுற்றிய பிறாண்டு கம்பம் குறைந்தது 75 செ.மீ. உயரம், சாயாத அடிப்பலகையோடு. ஜன்னலை ஒட்டி உயரத்தில் ஒரு பலகை.

சமையலறையை இரவில் அடைத்துவிடுங்கள். கதவே இல்லாத திறந்த சமையலறை என்றால் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பு தொடு பொத்தான் வகையானால் பிளக்கையே அணையுங்கள். மேலே பாத்திரம் இருந்தால், பூனை மிதித்தாலே அது சூடாகத் தொடங்கும். கரப்பானுக்குக் கோடு போடும் சாக்பீஸ், எலி கேக், எலி ஒட்டும் அட்டை, மூன்றும் பூனை உள்ள வீட்டில் கூடாது. சாக்பீஸில் இருப்பது பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. கோட்டை மிதித்துக் காலை நக்கும் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வரும். "எலிக்காகத்தானே பூனை வளர்க்கிறோம்" என்பவர்கள் எலி மருந்தையும் பூனையையும் ஒரே வீட்டில் வைப்பதில் அர்த்தமில்லை. மருந்து தின்று தடுமாறும் எலியைத்தான் பூனை முதலில் பிடிக்கும்.

வாஷிங் மெஷின் கதவு எப்போதும் மூடியிருக்கட்டும். காலையில் துணி போடுமுன் கையை விட்டுத் துழாவிப் பாருங்கள்.

சாத்திய கதவை ஏற்க அதற்கு மூன்று வாரம் ஆகலாம். கதவின் அடிப்பாகத்தில் ஒரு மிதியடியைத் தலைகீழாகப் போட்டால், ரப்பர் முட்கள் மேலே இருக்கும், நின்று பிறாண்ட வசதிப்படாது. உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்றை அதன் படுக்கையில் விரித்து வையுங்கள். வாசனை பாதி வேலையைச் செய்துவிடும்.

இந்த ஏற்பாட்டின் ஓட்டை வாசல் கதவு. அதிகாலையில் யார் திறந்தாலும், முதலில் பூனையை எங்கே என்று பார்த்துவிட்டுத் திறக்க வேண்டும் என்பதை வீட்டுப் பெரியவர்களுக்கும் வேலைக்கு வரும் அக்காவுக்கும் சொல்லி வைக்க வேண்டும். கிரில் கேட் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். நம் ஊர் ஜன்னல் கம்பிகளும் கிரில்களும் மனிதத் திருடனைக் கணக்கிட்டுச் செய்தவை. பூனைக்குத் தோள் எலும்பு உடம்போடு இறுகப் பொருந்தாதது. தலை நுழைந்தால் உடலும் நுழையும். 10 செ.மீ. இடைவெளி அதற்கு ராஜபாட்டை.

## 3. தனி அறை அல்லது கூண்டு

சிறை போலத் தோன்றினாலும் சில பூனைகளுக்கு இதுவே சிறந்தது. நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டிகள், தெருவிலிருந்து வந்த வளர்ந்த பூனையின் முதல் இரண்டு மூன்று வாரம், கருத்தடை ஆபரேஷன் முடிந்த பத்து நாள், ஒன்றோடொன்று சண்டை போடும் பூனைகள். இவற்றுக்கு முழு வீடு பயத்தைத்தான் தரும்.

ஸ்டோர் ரூமை ஒதுக்குகிறீர்கள் என்றால் தரையில் முட்டி போட்டு ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அந்துருண்டை, பழைய எலி மருந்துப் பொட்டலம், பெயின்ட், ஆசிட் பாட்டில், நூல்கண்டு. ஜன்னலும் காற்றும் இல்லாத அறை வேண்டவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மொட்டை மாடி அறை மே மாதத்தில் இரவு 11 மணிக்கும் அடுப்பாக இருக்கும். பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அது நாயைப் போல இயல்பு அல்ல, அவசர நிலை.

கூண்டு குட்டிகளுக்கும் மருத்துவக் காலத்துக்கும் மட்டுமே. குறைந்தது மூன்றடிக்கு இரண்டடி, உயரத்தில் ஒரு தட்டு, ஒரு மூலையில் லிட்டர், எதிர் மூலையில் படுக்கை. கம்பி அடித்தளத்தின் மேல் அட்டையோ ரப்பர் விரிப்போ போடாவிட்டால் விரல் மாட்டும்.

தனியாக அடைத்த ஒற்றைக் குட்டி விடிய விடியக் கத்தும். கூடப் பிறந்த இன்னொன்றையும் சேர்த்து எடுத்து வளர்ப்பது பல நேரம் மலிவான தீர்வு. இரண்டும் ஒன்றையொன்று களைப்பாக்கிவிட்டுத் தூங்கும். இரண்டு குட்டி என்றால் இரட்டைச் செலவு என்று தயங்குபவர்கள், தூக்கமில்லாத ஆறு மாதத்துக்கு என்ன விலை என்று யோசிக்கலாம்.

## 4. வலை அடித்த பால்கனி

காற்று, தெரு வேடிக்கை, பூச்சி எல்லாம் கிடைக்கும், தெருவின் ஆபத்து இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. எல்லாம் வலையைப் பொறுத்தது.

புறா வராமல் இருக்கப் போடும் நைலான் வலை புறாவுக்கானது. பூனை அதைக் கடித்து ஓர் இரவில் ஓட்டை போடும்; வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் தானாகவே நைந்துவிடும். இப்போது எல்லா அடுக்ககத்திலும் மாட்டும் "இன்விசிபிள் கிரில்" இன்னொரு ஏமாற்று. ஒன்றுக்கொன்று இரண்டு முதல் நான்கு அங்குலம் தள்ளி இழுத்துக் கட்டிய கம்பிகள் அவை. நான்கு அங்குல இடைவெளியில் வளர்ந்த பூனையே நழுவும், இரண்டு அங்குலத்தில் குட்டி நழுவும், கம்பி தளர்ந்தால் தலை சிக்கும். பூனைக்கு ஏற்றது ஓர் அங்குலக் கட்டமுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை. தரைத்தள வீடானால் அரை அங்குலம். பாம்புகளிலும் எலிகளிலும் பெரும்பாலானவை அதில் நிற்கும். மேல் விளிம்பு, சுவரோடு சேரும் மூலை, ஏ.சி. பைப் போகும் துளை, இந்த மூன்று இடங்களில்தான் வழி கிடைக்கும். மெஷ்ஷை கேபிள் டையால் கட்டாதீர்கள், வெயிலில் உடையும். இரும்புச் சட்டத்தோடு ஸ்க்ரூ போடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை கையால் அழுத்திப் பாருங்கள்.

"பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்கும்" என்ற நம்பிக்கைக்கு 1987இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வும் துணை சேர்த்துவிட்டது. நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றியது அது. சிகிச்சை பெற்றவற்றில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன. விழுந்த இடத்திலேயே செத்து, மருத்துவமனைக்கே வராத பூனைகள் அந்தக் கணக்கில் இல்லை. பிழைத்தவற்றுக்கும் நெஞ்சில் அடி, தாடை உடைவு, அண்ணம் பிளவு. இரவில் ஒரு பல்லியைத் துரத்தித் தாவும் பூனை சுவரின் அகலத்தை யோசிப்பதில்லை.

பால்கனியை மட்டும் கொடுத்து ஹால் கதவைச் சாத்துவது எனக்கு உடன்பாடில்லை. மேற்குப் பார்த்த பால்கனியில் சுவர் பகலெல்லாம் குடித்த வெயிலை நள்ளிரவு வரை திருப்பிக் கக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் உள்ளேயே அடிக்கும். தெருக் கடுவன் கீழே நின்று கத்தினால் உங்கள் பூனை மேலிருந்து பதில் சொல்லும், பக்கத்து வீட்டில் விளக்கு எரியும். ஹாலுக்குப் போய்வர வழி விட்ட பால்கனி என்றால் ஐந்து ஏற்பாட்டிலும் இதுவே அருமை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு நாளும் தீபாவளி இரவும் மட்டும் பால்கனிக் கதவு பூட்டியே இருக்கட்டும். பயந்த பூனை வலையில் ஏறித் தொங்கும், எந்த வலையும் அதற்காகச் செய்யப்பட்டது அல்ல. பால்கனித் தொட்டியில் செங்காந்தள், அரளி, லில்லி வகைகள் இருந்தால் அவற்றுக்கு வேறு இடம் பாருங்கள்.

## 5. வெளியே

நம் வீடுகளில் பழங்காலம்தொட்டு இருக்கும் வழக்கம் இதுதான். மீன் தலையும் பால் சோறும் போட்டால் வரும், ராத்திரி எங்கோ போகும், காலையில் வரும். வராத அன்று "போயிடுச்சு போல" என்று ஒரு நாள் வருத்தம். லிட்டர் செலவில்லை, நாற்றமில்லை, 4 மணிக்கு எழுப்புவதில்லை. ஐந்தில் மலிவு இதுதான் என்று தோன்றும்.

கணக்கு வேறு பக்கம் ஏறும். நள்ளிரவுக்கு மேல் தெரு வெறிச்சோடியதும் நாய்கள் கூட்டமாகச் சுற்றும். ஒற்றை நாயிடம் தப்பும் பூனை நான்கிடம் தப்பாது. நிறுத்திய காரின் சூடான இன்ஜினுக்குள் மழை நாளில் ஏறிப் படுக்கும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. மூடியில்லாத சம்ப், தரைக்கிணறு, பக்கத்து வீட்டு எலி மருந்து. கடுவன் சண்டையில் பல் பட்ட இடம் வெளியே ஊசிக் குத்துப் போல ஆறிவிடும். உள்ளே இரண்டு மூன்று நாளில் சீழ் கட்டி, காய்ச்சல் வந்து, சாப்பாட்டை நிறுத்தும்போதுதான் தெரியும். அந்தக் காய்ச்சலுக்கு நம் வீட்டுப் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும். கடிபட்ட காயம் வழியாகப் பரவும் பூனைகளின் எதிர்ப்புச்சக்திக் குறைவு வைரஸையும், எட்டாவது வாரத்தில் தொடங்கிப் போடும் வழக்கமான முக்கூட்டுத் தடுப்பூசி தடுக்காது.

வெறிநாய்க்கடி நோய் பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து மனிதருக்கும் வரும். வெளியே போய் வரும் பூனைக்கு மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். ஊசி போடாத பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள் அப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

கருத்தடை செய்யாத பெட்டை நான்கு மாதத்திலேயே சினையாகலாம். சினைக்காலம் ஒன்பது வாரம். "ஒரு ராத்திரிதானே" என்று திறந்துவிட்ட கதவுக்கு இரண்டு மாதத்தில் நான்கைந்து குட்டிகள் பதில் சொல்லும்.

இருந்தும் வெளியே விடுவதே சரியான இடங்கள் உண்டு. மனிதக் கையே படாமல் வளர்ந்த தோப்புப் பூனையையும், மாட்டுத் தொழுவத்துப் பூனையையும் வீட்டுக்குள் அடைத்தால் அது சோபாவின் பின்னால் பட்டினி கிடக்கும். அவற்றுக்குச் செய்ய வேண்டியது: கருத்தடை, வெறிநோய் ஊசி, ஒரு பெட்டி. 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலமும் உயரமும் உள்ள மரப் பெட்டி, தரையிலிருந்து ஓரடி உயரத்தில், காற்றடிக்கும் பக்கத்துக்கு எதிர்த்திசையில் 15 செ.மீ. வாசல். உள்ளே வைக்கோல் போடுங்கள்; துணி போட்டால் ஈரத்தைக் குடித்துக் குளிரும். பக்கத்தில் ஓடு வரை ஏற ஒரு சாய்ந்த கம்பு, நாய் வந்தால் ஓட. சாப்பாடு மாலை 6 மணிக்கு வைத்து அரை மணியில் தட்டை எடுத்துவிடுங்கள். இரவெல்லாம் இருக்கும் சோறு நாயையும் மரநாயையும் பெருச்சாளியையும் விருந்துக்கு அழைக்கும்.

கதவில் பூனைக்கென்று சின்ன மடிப்புக் கதவு வைத்து, வந்துபோகட்டும் என்று விடுவது நம் ஊருக்கு ஒத்துவராது. உங்கள் பூனை மட்டுமா வரும்?

## கர்ப்பிணி, தூளி, வீசிங்

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் பூனையைத் துரத்தச் சொல்வது வழக்கம். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிதான் காரணம். அது பூனையின் மலத்தில் வெளியேறும். வெளியேறியதும் தொற்றாது, தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் ஆகும். தினமும் லிட்டரை அள்ளினால், அதையும் கர்ப்பிணி அல்லாத ஒருவர் செய்தால், அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். பூனைக்கு அது வருவது எலியிடமிருந்தும் பச்சை இறைச்சியிடமிருந்தும். ஆகவே கர்ப்பிணி வீட்டில் பூனையை இரவு வெளியே அனுப்புவது தலைகீழ் வைத்தியம்; உள்ளே படுக்கும், வேகவைத்ததைத் தின்னும் பூனைதான் பாதுகாப்பானது.

கைக்குழந்தை விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. பூனை மூச்சை உறிஞ்சும் என்பது கட்டுக்கதை, ஆனால் சூடான முகத்தருகே சுருண்டு படுக்கும் என்பது உண்மை. தூளி அதற்குப் பெரிய ஆசை: துணி, தொங்கல், கதகதப்பு. குடை போல விரியும் குழந்தைக் கொசு வலையின் மேல் பூனை குதித்தால் வலை குழந்தை மேல் சரியும். முதல் ஓராண்டுக்குக் குழந்தை தூங்கும் அறைக் கதவு சாத்தியே இருக்க வேண்டும்.

ஒவ்வாமைக்குக் காரணம் முடியல்ல, எச்சிலிலும் தோலெண்ணெயிலும் இருக்கும் ஒரு புரதம். அது மெத்தையிலும் திரையிலும் மாதக்கணக்கில் தங்கும். படுக்கையறையைப் பூனை கால் வைக்காத இடமாக்குவது முதல் படி. மெத்தை உறையும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பும் அடுத்தவை. "பகலில் மட்டும் கட்டிலில் படுக்கட்டும்" என்றால் பலனில்லை. ஆஸ்துமா மருந்தின் அளவு கூடிக்கொண்டே போனால், இடத்தை மாற்றுவதோடு நிற்காமல் மருத்துவரிடம் பேச வேண்டும்.

## வெளியே பழகியதை உள்ளே மாற்ற

முதலில் கருத்தடை. கடுவனுக்கு ஆபரேஷன் முடிந்தும் சில வாரங்கள் ஊர் சுற்றும் ஆசை மிச்சமிருக்கும், ஹார்மோன் வடிய நேரம் வேண்டும். ஆகவே ஒரு மாதம் கழித்தே பழக்கத்தைத் தொடங்குங்கள்.

காலைச் சாப்பாட்டைக் குறைத்து மாலை 6.30க்கு மாற்றுங்கள். தட்டில் ஸ்பூனால் தட்டும் ஒரே ஓசையோடு கூப்பிடுங்கள். நான்கைந்து நாளில் அந்த ஓசைக்கு ஓடி வரும். அதன்பின் சாப்பிட்டு முடிக்குமுன் கதவைச் சாத்துங்கள். முதல் வாரம் 9 மணிக்குத் திறந்துவிடலாம், அடுத்த வாரம் 11, பிறகு விடியும்வரை. லிட்டர் தெரியாத பூனைக்குப் பெட்டியில் முக்கால் பங்கு தோட்டத்து மண், கால் பங்கு லிட்டர் போட்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை லிட்டரைக் கூட்டி மண்ணைக் குறையுங்கள். கார்ப்பெட்டில் நனைத்தால் என்சைம் கிளீனரோ, நீர்த்த வினிகரோ; அமோனியா கலந்த கிளீனரின் நெடி சிறுநீரை ஒத்திருப்பதால் அதே இடத்துக்குத் திரும்பி வரும்.

மழைக்காலத் தொடக்கம் இதற்கு நல்ல நேரம். நனைய விரும்பாத பூனை பாதி வேலையைத் தானே செய்துகொள்ளும்.

பத்து வயது தாண்டிய பூனை, பல வருடம் ஹாலில் அமைதியாகப் படுத்தது, திடீரென்று இரவில் சுவரைப் பார்த்து ஓலமிடத் தொடங்கினால் இந்த ஒப்பீடு எதுவும் உதவாது. கதவைத் திறப்பதா சாத்துவதா என்று யோசிக்காமல் சிறுநீரகம், தைராய்டு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கண் பார்வை மங்கியிருந்தால், ஹாலில் ஒரு சின்ன இரவு விளக்கு எரிந்தாலே பலதும் அடங்கிவிடும்.